இன்னும் ஒரு கரண்டி

"உங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், தயவுசெய்து காத்திருக்கவும்"னு போன் சொல்லுது. காத்திருக்கவுமாம். யாருகிட்ட வந்து சொல்ற, அதுக்குன்னே பொறந்தவகிட்டயா. ஏழு வருசமா அந்த ஒரு வேலையைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன், இதுல நீ வேற. போனைச் சொம்புல சாய்ச்சு வச்சிருக்கேன். வழக்கமா வைக்கிற அதே சொம்பு, அதே குட்டி மேசை, அடுப்படி ஜன்னலுக்குப் பக்கத்துல. ஆனா பட்டப்பகல்ல இங்க உக்காந்தா அடுத்த வீட்டுல உக்காந்த மாதிரி கூச்சமா இருக்கு. இது அவுக, என் வீட்டுக்காரரு, சார்ஜாவுலேர்ந்து வீடியோவுல வர்ற இடம். அவுக முகம் இருக்க வேண்டிய இடத்துல இப்ப ஒரு வட்டம் சும்மா சுத்திக்கிட்டே கெடக்கு, நானும் அதையே பாத்துக்கிட்டுக் கெடக்கேன். தலையை வாரிப் பூ வச்சிருக்கேன். டாக்டரைப் பாக்கப் பூ எதுக்குடின்னு அயித்தை கேட்டுச்சு. எதுக்குன்னு எனக்கே தெரியல, இந்தப் போனுக்கு முன்னால உக்காரணும்னா கை தன்னால கொண்டைக்குப் போயிருது. இந்தா, வந்திருச்சு. நெஞ்சுக்குழியிலேர்ந்து மெதுவா ஏறி, தொண்டைக்கு வந்து நின்னுக்கிட்டு, ஒரு புளிப்பு, ஒரு எரிச்சல். முழுங்குனாலும் போகாது, துப்புனாலும் போகாது. நான் இட்லி மாவு அரைச்சு விக்கிறவ. எந்த வெயிலுக்கு மாவு எப்பப் பொங்கும், எப்பப் புளிக்கும்னு மூக்கை வச்சே சொல்லிருவேன். என் நெஞ்சு புளிக்கிறது மட்டும் எனக்குப் பிடிபடல. மொதல்ல மாரடைப்புன்னுதான் நெனச்சேன். அவுக வந்து சேர்றதுக்குள்ள எடுத்துருவாகளோ, கடைசியா என் முகத்தைப் போன்லதான் பாப்பாகளோன்னு கண்டதையும் நெனச்சு அழுதேன். அறந்தாங்கி ஆஸ்பத்திரியில நெஞ்சுல ஒயரை ஒட்டிப் படம் எடுத்துட்டு, இருதயம் நல்லா இருக்கும்மா, வயித்துல இருக்கிற ஆசிட் மேல ஏறி வருது, அதான் எரியுதுன்னு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாக. இருதயம் நல்லா இருக்காம். எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அதெல்லாம் அந்தப் படத்துல தெரியாது போல. மாத்திரை போடுற வரைக்கும் அடங்கும், விட்டா மறுபடி. வயித்து டாக்டரைப் பாக்கணும்னா தஞ்சாவூரு போகணும், மாவை யாரு பாக்குறது, அதான் இப்படிப் போன்லயே.

ரெண்டு பேராம் இப்ப. ஒருத்தரு போயிட்டாரு. அந்த ஒருத்தருக்கும் நெஞ்சு எரிஞ்சிருக்குமா, அவரு என்னத்தை ஒளிச்சாரோ. நான் என்னத்தை ஒளிக்கப் போறேன்? எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்கன்னு கேப்பாக. கட்டாயம் கேப்பாக, ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் மொதல்ல கேட்டாக. பத்து மணின்னு சொன்னா, ஐயய்யோ, அப்படிச் சாப்பிடக் கூடாதும்மான்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாக. அவுகளுக்கு அது ஒரு வார்த்தை. எனக்கு ஒரு நாளுன்னு இருக்கிறதே அந்தப் பத்து மணிதான். விடியக்காலம் அரிசி ஊறப்போட்டதுலேர்ந்து கிரைண்டர் சத்தம், சாயங்காலம் ஆச்சுன்னா மாவு வாங்க தூக்குவாளியோட தெருவே வந்து நிக்கும், மக படிப்பு, அயித்தை மருந்து, எல்லாம் அடங்கி, மகளும் அயித்தையும் படுத்து, வீடு அமைதியானப்புறம் போன் அடிக்கும். அவுக தட்டு அங்க, என் தட்டு இங்க. "என்ன குழம்பு?"ன்னுதான் ஆரம்பிப்பாக. எப்படி இருக்கன்னுகூடக் கேக்க மாட்டாக, குழம்பைத்தான் கேப்பாக. அவுக சார்ஜா போன மொத மாசம், ஆளில்லாத வீட்டுல எனக்குச் சோறு எறங்கல. பெசஞ்சு வச்சுட்டு அழுதுக்கிட்டு இருந்தேன். அப்ப அவுகதான், "சரி, நான் வேலை முடிஞ்சு வர எட்டரை ஆகும், உனக்குப் பத்து, நீயும் அப்பவே சாப்பிடு, எதுக்கத்தான உக்காந்திருக்கேன்"னு சொன்னாக. அன்னிக்கு நான் கருவாட்டுக் குழம்பு வச்சிருந்தேன். அவுக தட்டுல வெறும் பருப்பு. என்னைய அறியாம கரண்டியில குழம்பை அள்ளிப் போனுக்கு நேரா நீட்டிட்டேன், "இன்னும் ஒரு கரண்டி ஊத்திக்கங்க"ன்னு. வீட்டுல இருந்தா எப்படி நீட்டுவேனோ அப்படி. அவுகளும் யோசிக்கவே இல்ல, தட்டு மேல கையை வச்சு மறைச்சுக்கிட்டு, "போதும் மலரு, போதும் போதும்"ன்னாக. அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சோம், அப்புறம் சிரிக்கல. அன்னியிலேர்ந்து ஒரு நாள் தவறுனதில்ல. கரண்டியை நீட்டுவேன், போதும்பாக. சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டுப் போனைக் கட்டிலுக்கு எடுத்துட்டுப் போவேன், அப்படியே படுத்துக்கிட்டு, அவுக கொட்டாவி விடுற வரைக்கும் பேச்சு. சோறு நெஞ்சுலயே நிக்கும். நிக்கட்டுமே, அதுக்கு என்னங்குறீங்க, ஒரு பொம்பளை தன் புருசனோட ஒரு வேளை சோறு சாப்பிடக் கூடாதா?

சாப்பிடுறாகளா? இதை நெனக்கக் கூடாதுன்னுதான் வேற வேற நெனச்சுக்கிட்டு இருந்தேன், சுத்தி வந்து இங்கதான் முட்டுது. போன மாசம் ஒரு நாள், பேசிக்கிட்டு இருக்கும்போதே அவுக போன் சரிஞ்சு விழுந்துச்சு. இப்பெல்லாம் எனக்கு நெஞ்சு வரைக்கும்தான் தெரியும், தட்டு கீழ இருக்கும், கை மட்டும் போயிப் போயி வரும். அன்னிக்குப் போன் சரிஞ்சதும், ஒரு கண் சிமிட்டுற நேரம், தட்டு தெரிஞ்சுச்சு. சுத்தமான தட்டு. பளபளன்னு, ஈரத்தோட, ஒரு பருக்கை இல்ல. உடனே தூக்கி நிறுத்திட்டு, "விழுந்திருச்சு, ம், சொல்லு, அம்மா என்ன சொல்லுச்சு"ன்னாக. நானும் சொன்னேன். சாப்பிட்டு முடிச்சுட்டாகளோ? முடிச்ச தட்டுன்னா எச்சில் இருக்காதா? அப்புறமும் கை வாய்க்குப் போனதே, அதை நான் பாத்தேனே. அன்னிக்கு ராத்திரி எரிஞ்ச எரிச்சல் மாதிரி என்னிக்கும் எரிஞ்சதில்ல. மனசுன்னு ஒண்ணு இருக்கே, அது சும்மா இருக்குமா. சோத்துக்கே வழியில்லாம கெடக்காகளோ, எல்லாத்தையும் இங்க அனுப்பிட்டு பட்டினியோ? இல்ல, வேற எங்கயாச்சும், வேற யாரோ ஆக்கிப் போட்டு, அங்க வயிறு நெறய சாப்பிட்டுட்டு வந்து என்கிட்ட நடிக்கிறாகளோ? சீ, என்ன புத்தி இது. ஆனா நெனச்சேன். நெனக்கலன்னு சொன்னா பொய். அந்த யாரோ ஒருத்தி என்ன குழம்பு வப்பான்னுகூட நெனச்சேன், தேங்காய் அரைச்சு ஊத்துவாளோ என்னமோ, அவுகளுக்குத் தேங்காய் ஆகாதே, அது அவளுக்குத் தெரியுமா. ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுபோச்சு. கேக்கல. கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா நான் எங்க போயி உக்காருவேன்? இந்த மேசையைத் தவிர எனக்கு அவுககூட வேற எடம் இல்லையே.

வட்டம் நின்னுருச்சு. ஒரு முகம். சின்னப் பொண்ணு, கண்ணாடி, பின்னால வெள்ளைச் சுவரு. "வணக்கம்மா, நான் டாக்டர் ஏஞ்சலின். மலர்க்கொடிதானே? கொஞ்சம் பின்னால தள்ளி உக்காருங்க, நெத்தி மட்டும்தான் தெரியுது." தள்ளி உக்காந்தேன். எனக்கு எப்பவும் கிட்ட உக்காந்துதான் பழக்கம். எத்தனை நாளா, எங்க எரியுது, படுத்தா கூடுதா, முழுங்கும்போது அடைக்குதா, எடை குறைஞ்சுதா, வாந்தியில ரத்தம், வெளிக்குக் கறுப்பாப் போகுதா, கை வலியோட வேர்க்குதான்னு ஒவ்வொண்ணாக் கேட்டாக. இல்ல, இல்ல, படுத்தா மட்டும் கூடுது, அதெல்லாம் இல்ல. நல்லாத்தான் கேக்குறாக, அவசரமில்லாம. இடையில குனிஞ்சு நிமிந்தாக, குனிஞ்சு நிமிந்தாக. எழுதுறாக போலன்னு நெனச்சேன். "காப்பி எத்தனை தடவை?" "ரெண்டு." பொய், நாலு. "ராத்திரிச் சாப்பாடு?" வாய் தானாச் சொல்லுது, "எட்டு மணிக்குங்க." "படுக்கிறது?" "பதினொண்ணு." அயித்தை வெளியே மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டு இருக்கு, அதுக்குக் கேட்டிருக்குமோ, எட்டு மணிக்கு இவ எங்க சாப்பிட்டான்னு உள்ள வந்து நிக்குமோன்னு வேற பயம்.

டாக்டரு நெத்தியைச் சுருக்குனாக. "எட்டு மணிக்குச் சாப்பிட்டு மூணு மணி நேரம் கழிச்சுத்தான் படுக்குறீங்க. மாத்திரையும் சரியாப் போட்டிருக்கீங்க. அப்பவும் இவ்வளவு எரிச்சல்னா, நான் மாத்திரையைக் கூட்டிப் போயிக்கிட்டே இருக்க முடியாதும்மா. உள்ள டியூப் விட்டு ஒரு தடவை பாத்துரலாம். தஞ்சாவூர்ல எழுதித் தரட்டுமா?" டியூப். தொண்டை வழியா. எட்டு மணின்னு ஒரு வார்த்தை சொன்னதுக்கு இம்புட்டுப் பெரிய டியூபா? இதை அவுககிட்டச் சொன்னா லீவு போட்டுட்டு ஓடி வந்துருவாக. வரட்டுமேன்னு ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், மனசு குதிச்சுச்சு. டியூப் விட்டா என்ன, கத்தி வச்சா என்ன, வாசல்ல வந்து பையை எறக்கி வைப்பாகளே. அப்புறம் என் மேலயே எனக்கு வெறுப்பா வந்துச்சு. பாவம் இந்தப் புள்ள, நான் சொல்ற பொய்யை நம்பிக்கிட்டு எனக்காக யோசிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. "டாக்டரம்மா, எட்டு மணி இல்லங்க"ன்னேன். "பத்தாகும். பத்தரையும் ஆகும். உடனே படுத்துருவேன்." "ஏம்மா அவ்வளவு லேட்டா? வேலையா?" "இல்லங்க. வீட்டுக்காரரு வெளிநாட்டுல இருக்காக. போன்ல வருவாக. சேந்து சாப்பிடுவோம்." சொன்னதும் கண்ணு கலங்கிருச்சு, பூ வச்சுக்கிட்டு டாக்டருக்கு முன்னால அழுது நிக்கிறேன். திட்டுவாகன்னு நெனச்சேன், திட்டல. "சேந்து"ன்னு மெதுவாச் சொல்லிப் பாத்துக்கிட்டாக. அப்புறம்தான் கவனிச்சேன், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்துச்சு. "மன்னிச்சுக்கோங்கம்மா, காலையிலேர்ந்து இப்பத்தான் டப்பாவைத் திறந்தேன், அடுத்தடுத்து ஆளு"ன்னாக, வார்த்தையெல்லாம் சோத்துல மோதி மோதி வருது. "தயிர் சாதமா?"ன்னேன். "எப்படிம்மா தெரிஞ்சுது?" "ஒதட்டுல இருக்கு." சிரிச்சு, தொடச்சுக்கிட்டாக.

மேல பேசிக்கிட்டே போனாக, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், ராத்திரி ஏழரைக்குள்ள சாப்பிட்டுருங்க, அப்புறம் மூணு மணி நேரம் படுக்காதீங்க, உக்காந்து பேசிக்கிட்டு இருங்க, பேச்சுக்குத் தடையில்ல, சோத்துக்குத்தான் தடை, கட்டில் தலைமாட்டுக் காலுக்கு அடியில செங்கல் வைங்க, தலையணையை அடுக்காதீங்க, இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுங்க, காப்பியையும் காரத்தையும் குறைங்க, மாத்திரை காலையில வெறும் வயித்துல, ஆறு வாரத்துல அடங்கலன்னா அப்பப் பாப்போம், டியூப் இப்ப வேணாம். எல்லாம் காதுல விழுந்துச்சு. இடது பக்கம் சுவரு, வலது பக்கம்தான் அவுக படுக்கிற எடம், சுவத்தைப் பாத்துப் படுக்கச் சொல்றாகளேன்னுகூட நெனச்சேன். ஆனா கண்ணு அந்தக் கன்னத்துலயே நின்னுச்சு. சோறு வாயில இருக்கிறவுக பேச்சு இப்படித்தான் இருக்கும். கன்னம் உப்பும், பேச்சு கொழகொழன்னு வரும், காதுக்குப் பக்கத்துல நரம்பு அசையும், முழுங்குறதுக்காக ஒரு வார்த்தை பாதியில நிக்கும். என் வீட்டுக்காரரு பேச்சு நிக்கிறதே இல்லையே. கை வாய்க்குப் போகும், வரும், பேச்சு மட்டும் ரேடியோ மாதிரி தெளிவா இருக்கும். மொத வருசம் அப்படி இல்ல. வாய் நெறயச் சோத்தை வச்சுக்கிட்டு "மமுரு"ம்பாக, முழுங்கிட்டுப் பேசுங்கன்னு நான் திட்டுவேன். எப்ப நான் கடைசியாத் திட்டுனேன்? ஞாபகமே இல்ல. தங்குற எடத்தை வேற கேம்புக்கு மாத்துனாகளே, அதுக்கு அப்புறம் திட்டவே இல்ல. நான் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன், பாக்கவே இல்ல. "மலர்க்கொடி, புரிஞ்சுதா?"ன்னாக டாக்டரு. "புரிஞ்சுதுங்க"ன்னேன். "நீங்க மொதல்ல சாப்பிட்டு முடிங்க, நேரத்துக்குச் சாப்பிடாட்டி உங்களுக்கும் எரியும்." முகம் போயிருச்சு. மருந்துச் சீட்டு டிங்குன்னு வந்து விழுந்துச்சு.

இப்ப சார்ஜாவுல மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கும். பட்டறையில இரும்பு வெட்டுற மெஷினை நிறுத்திட்டு, கையைக் கழுவிக்கிட்டு இருப்பாக. வாட்ஸ்அப்புல மைக்கை அமுக்கிப் பேச ஆரம்பிச்சேன். "என்னங்க, அந்தத் தட்டுல"ன்னு வந்துச்சு, அழிச்சேன். "நீங்க ராத்திரி உண்மையிலேயே"ன்னு வந்துச்சு, அதையும் அழிச்சேன். கேள்வியாக் கேட்டா அது போலீஸு விசாரணை. கடைசியில, "டாக்டர்கிட்டப் பேசிட்டேன், பயப்பட ஒண்ணுமில்ல. நேரங்கெட்ட நேரத்துல சாப்பிட்டுப் படுக்கிறதுதான் காரணமாம். இனிமே ஏழரைக்கே சாப்பிட்டுரணுமாம். அதனால நீங்க வரும்போது நான் சும்மாதான் உக்காந்திருப்பேன். நீங்க சாப்பிடுங்க, நான் பாத்துக்கிட்டு இருக்கேன்"னு சொல்லி விட்டுட்டேன். விட்டதும் பக்குன்னுச்சு. இதோட போச்சு. இனி அது சாப்பாடு இல்ல, வெறும் போனு. சும்மா உக்காந்திருக்கிறவகிட்ட எம்புட்டு நேரம் பேசுவாக? மொத வாரம் அரை மணி நேரம், அப்புறம் கால் மணி, அப்புறம் பணம் வந்துச்சா, சரி வச்சிரவா. கிரைண்டரைப் போடலாம்னு எந்திரிச்சேன், உளுந்து ஊறி உப்பிக் கெடக்கு, போடாம மறுபடி வந்து உக்காந்தேன். ரெண்டு கோடும் நீலமாயிருச்சு. கேட்டுட்டாக. ஒண்ணும் வரல. வரல. அப்புறம் பேரு பக்கத்துல அந்த மைக்குக் குறி வந்துச்சு, பேசுறாக, நின்னுச்சு, மறுபடி பேசுறாக, மறுபடி நின்னுச்சு. அவுகளும் அழிக்கிறாக. அழிக்கிறதுக்கு அவுககிட்ட என்ன இருக்கு? அந்தத் தேங்காய் அரைக்கிறவ ஞாபகம் வந்து தொண்டையில புளிப்பு பொங்கி நிக்குது. முழுங்குனேன்.

வந்திருச்சு. காதுல வச்சுக்கிட்டேன், அயித்தைக்குக் கேக்கக் கூடாது. மொதல்ல யாரோ தூரத்துல இந்தியில கத்துற சத்தம். அப்புறம் அவுக. "மலரு. நானும் சும்மாதான் உக்காந்திருக்கேன். இந்தக் கேம்புக்கு மாத்துனதுலேர்ந்து. இங்க ஆறு மணிக்கே மெஸ்ஸுல சோத்தைப் போட்டு ஏழுக்கு மூடிருவான், அப்பச் சாப்பிட்டாத்தான் உண்டு, உள்ள போனும் கொண்டு போக விட மாட்டான். உனக்கு அது மாவு விக்கிற நேரம். சொல்லணும்னு நெனப்பேன். சொன்னா நீ முன்னாடியே சாப்பிட்டு எந்திரிச்சிருவ, அப்புறம் நமக்குள்ள என்ன இருக்கு, பீஸு கட்டியாச்சா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு, அம்புட்டுத்தான். நீ என்ன குழம்புன்னு சொல்லிக்கிட்டே சாப்பிடுறப்ப, நானும் நம்ம அடுப்படியில உக்காந்திருக்கிற மாதிரி இருக்கும். அதான், தட்டைக் கழுவி எடுத்துட்டு வந்து வச்சுக்கிட்டு உக்காருவேன். உனக்கு நெஞ்சு எரிய வச்சுட்டேனே, மலரு." அம்புட்டுத்தான், மெஷின் சத்தம் வந்து அறுத்துருச்சு.

அடப் பாவி மனுசா. எந்த ஒரு பொம்பளையும் இல்ல, பட்டினியும் இல்ல. வயிறு நெறஞ்ச ஆளு, வெறுங்கையை வாய்க்குக் கொண்டு போயிக் கொண்டு போயி, என் குழம்பை ருசி பாத்துக்கிட்டு உக்காந்திருக்காக. ஒரு நாளு "உப்பு கம்மியோ"ன்னுகூடச் சொன்னாகளே! எப்படிச் சொன்னாக? நானும் நாக்குல வச்சுப் பாத்துட்டு ஆமான்னேனே. அவுக தனியாச் சாப்பிடக் கூடாதுன்னு நான் கொலைப்பட்டினியாக் காத்துக் கெடந்தேன், நான் தனியாச் சாப்பிடக் கூடாதுன்னு அவுக கழுவின தட்டைத் திரும்ப எடுத்துட்டு வந்து உக்காந்திருக்காக. சிரிப்பு வருது, நெஞ்சு எரியுது, ரெண்டும் ஒரே வழியிலதான் வருது போல. கிட்ட இருந்திருந்தா நல்லா நாலு சாத்து சாத்தியிருப்பேன், அப்புறம் அந்தக் கையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடவே மாட்டேன். கிட்டத்தான் இல்லையே. அயித்தை வெளியிலேர்ந்து, "டாக்டரு என்னடி சொன்னாக?"ன்னு கேக்குது. "நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாக அயித்தை, இன்னிக்கு ராத்திரி உங்ககூட உக்காந்து சாப்பிடுறேன்"னேன். "அப்பாடா, இப்பவாச்சும்"ங்குது. செங்கல் ரெண்டு கொல்லையில கெடக்கு, எடுத்துக் கழுவணும். ஏழரைக்கு மாவுப் பாத்திரத்தை மூடிட்டுச் சாப்பிட்டுருவேன், டாக்டரம்மாகிட்ட ஒத்துக்கிட்டாச்சு, அது வார்த்தை. ஆனா பத்து மணிக்குப் போனைச் சொம்புல சாய்ச்சு வப்பேன். முதுகை நிமித்தி உக்காருவேன். என்ன குழம்புன்னு அவுக கேக்கணும், கேக்காட்டி விட மாட்டேன். சட்டியில ஒண்ணும் இருக்காது, கழுவிக் கவுத்தியிருப்பேன். வெறும் கரண்டியை எடுத்து அவுக வெறும் தட்டுக்கு நேரா நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி ஊத்திக்கங்க"ன்னு சொல்லுவேன். தட்டு மேல கையை வச்சு மறைச்சுக்கிட்டு, "போதும் மலரு, போதும் போதும்"பாக. சொல்லட்டும். நான் ஊத்திருவேன்.